மழை நாள் மாத்திரை

வலது தோள் எரிந்தது. இருபது வருடம் ரப்பர் பால் வாளி தூக்கிய தோள். செம்பைத் தலைக்கு மேல் உயர்த்த முடியாமல் திலகம் நின்றாள்.

"கையத் தூக்கு திலகம். தலையில ஊத்து," என்றாள் பக்கத்து வீட்டு வேலம்மா.

குளிப்பாட்டப் பெஞ்சில் கிடத்தியிருந்த கணவன் சன்னாசியின் பிணத்தின் தலையில் தண்ணீர் விழுந்தது. நேற்றுக் காலை ரப்பர் மர நிரையில், பால் வெட்டும் உளியும் கையுமாகச் சாய்ந்தவன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"மாத்திர ஒழுங்கா சாப்ட்டாராம்மா?"

"சாப்ட்டாரு ஐயா."

"ரத்தக் கொதிப்பு மாத்திர. மொத மூணு வாரம் அசதியாத்தான் இருக்கும், அப்புறம் ஒடம்பு பழகிக்கும். ரொம்ப முடியலன்னு வந்து சொன்னா நேரத்த மாத்திக் குடுப்பேன். நீங்க யாரு வந்து சொல்றீங்க?"

திலகம் சன்னாசியின் காலைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

மாத்திரை தொடங்கிய வாரம் அவன் மரத்தடியிலேயே தூங்கிப்போனான். அடுத்த நிரை வீரன்தான் மிச்ச மரங்களில் பால் வெட்டிக் கொடுத்தான். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது சன்னாசி தள்ளாட, வேலை வாங்கும் மண்டோர் சிரித்தார். "என்னா சன்னாசி, காலையிலேயே சம்சுவா? இன்னொரு தடவ இப்படி வந்தா பேர வெட்டிருவேன்லா."

கள்ளைக்கூடத் தொடாதவன் அவன். அன்று சாயங்காலம் சோற்றை அளைந்துகொண்டே இருந்தான். திலகம்தான் சொன்னாள்:

"மழ பேஞ்சா வெட்டு இல்ல. அன்னிக்கி முழுங்கிட்டுத் தூங்குங்க. வேல நாள்ல வேணாம்."

"நீ டிரெசருக்கே டிரெசர்லா," என்று சிரித்தான்.

அதற்குப் பிறகு மழை பெய்யவில்லை. எண்பத்து மூன்று மார்ச். ஆறு வாரம் ஈஜோக் பக்கம் ஒரு தூறல்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் வெட்டினார்கள். அவன் தள்ளாடவில்லை. கூலி முழுசாக வந்தது. விடியும்போதெல்லாம் அவள் வானத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

புதைத்த மூன்றாம் நாள் காலை, தகரக் கூரையில் மழை இறங்கியது. பெரட்டு மணி அடிக்கவில்லை. லயத்து வீடுகள் முழுக்கத் தூங்கின. திலகம் எழுந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்த பொட்டலத்திலிருந்து ஒரு மாத்திரையை எடுத்தாள். எடுத்த பிறகுதான் வெறும் பாயைப் பார்த்தாள்.

பின்வாசலில் வீரன், தலையில் கோணிச் சாக்கோடு நின்றான்.

"இன்னிக்கி வெட்டு இல்லக்கா. ஏதாச்சும் சாப்ட்டியா?"

"அவரு தூங்குனப்ப எத்தன மரம் வெட்டுன?"

"இப்ப எதுக்குக்கா அது? விடுலா."

"எத்தன வீரா?"

அவன் சாக்கின் நுனியைப் பிழிந்தான். "எரநூறு இருக்கும். எனக்கு முடியாதப்ப வெட்டித் தரேன்னாரு."

அவன் போன பிறகும் மாத்திரை அவள் உள்ளங்கையில் இருந்தது. ஈரத்தில் ஓரம் கரைந்திருந்தது. அதைத் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மூலையில் சாத்தியிருந்த சன்னாசியின் உளியை எடுத்துக் கூர் பார்த்தாள்.

வீரனுக்கு இருநூறு மரம் பாக்கி.