ஆர்கனில் வைத்த என் சுரம்

எங்கள் ஊர்க் கோவிலுக்குப் புதிதாக ஒரு லத்தீன் பூசைப்பாட்டு எழுதப்பட்டால், பாடகர் குழுவில் இருப்பவர்கள் அதில் தங்களுக்கு எழுதப்படாத சுரங்களைச் சக்கிறீஸ்தில் ஒப்படைத்துவிட வேண்டும். சாமியார் பூசை உடுப்பு மாட்டும் அறைக்குத்தான் அந்தப் பெயர். பாட்டு அரங்கேறும் வரை சுரங்கள் அங்கே அலமாரியில், தவக்காலத்து ஊதாத் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். பிறகு திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

இதனால் யாரும் பெரிதாகச் சிரமப்பட்டதில்லை. பழைய பாட்டுகளில் ஆளுக்குப் போதுமான சுரங்களை எழுதியிருப்பார்கள். ஒன்றிரண்டு குறைந்தாலும் வீட்டில் சமாளித்துக்கொள்ளலாம். இந்தத் திருவிழாவுக்கு ரெமிஜியுஸ் தல்மெய்தா மாஸ்டர் எழுதியது நவீன பூசைப்பாட்டு. நாலு குரலும் ஆர்கனும். ஆர்கன் வாசிப்பவரும் அவர்தான். இசை படிக்க வெளிநாடு போய் வந்தவர். என் தோழி பிலோமினா மேல்குரல் பாடுகிறாள். அவள் பகுதியில் சுரங்களை வாரி இறைத்திருந்தார். பெண்களில் கீழ்க்குரல் பாட நான் ஒருத்திதான். தோ ரே மி ஃபா சோ என்னும் வரிசையில் எனக்கு முதலிலிருந்து முடிவு வரை ஒரே சுரம். மி.

"மாஸ்டர், எனக்கு வேற ஒண்ணும் கிடையாதா?"

"நீங்கதானக்கா தரை. மத்தவங்க எல்லாரும் உங்க மேலதான நடக்காங்க."

பிலோமினா சிரித்தாள். "ஏளா எமரென்சி, செருப்பக் கழத்திட்டு நடக்கட்டுமா?"

மற்ற சுரங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கீழ்ச்சுரங்கள் கனத்தன. மேல்சுரங்களை எடுத்து வெகுகாலம் ஆகியிருந்ததால் தூசி தட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. மி மட்டும் என்னிடம் தங்கியது.

அதன் பிறகு ஊரில் நான் பேசியது எதுவும் பேச்சாகக் கணக்கில் வரவில்லை. எங்கள் ஊரில் ஒரே சுரத்தில் சொல்லப்படுவது புனிதர்களின் மன்றாட்டு மாலை மட்டும்தான். ஒருவர் ஒரே சுரத்தில் ஒரு வரி சொன்னால் மற்றவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். சிறு வயதிலிருந்து பழகிய வாய், தானாகவே சொல்லிவிடும். மீன் கடையில் போய், "இந்த நெத்திலி நேத்து வந்தது" என்றேன். மீன்காரியும் சுற்றி நின்றவர்களும் தலையைக் குனிந்து, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்கள். நேற்றைய நெத்திலியே என் பையில் விழுந்தது.

பங்குச் சாமியாரிடம் போனேன். "சாமி, ஒரு பொம்பளைக்கு ஒரே ஒரு சுரம் குடுக்கது அநியாயம்" என்றேன்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார் சாமியார்.

"நான் கோவமா இருக்கேன் சாமி."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

கோபம் என்பது ஏறி இறங்க வேண்டிய பொருள். படியில்லாத வீட்டில் மாடி இருந்து என்ன பயன்? என் கோபம் மேலே உட்கார்ந்திருந்தது. நான் கீழே நின்று ஜெபமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் கூடப் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது என் கணவர் விஷயம்.

அவர் தோணியில் தண்டல். தோணியை நடத்துகிறவர். எங்கள் கரையில், பயணம் முடிந்து வந்த தோணி சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். வீட்டுக்காரி வந்து கூப்பிடாமல் எந்த ஆணும் இறங்குவதில்லை. நாங்கள் யாரும் புருஷன் பெயரைச் சொல்லுவதும் இல்லை. எல்லோருக்கும் ஒரே சொல்தான்: "ஏங்க." அதை அவரவர் வீட்டு மெட்டில் கூப்பிடுவோம். மெட்டைக் கேட்டு ஆண்கள் தங்கள் பேர் என்று தெரிந்துகொள்வார்கள். எங்கள் வீட்டு மெட்டு, சோவில் தொடங்கி மியில் இறங்குவது. வழியனுப்பும்போது அதையே திருப்பி, மியில் தொடங்கி சோவில் ஏற்றுவேன். இறங்கினால் வாருங்கள், ஏறினால் போய்வாருங்கள். கல்யாணமான நாளிலிருந்து இதில் குழப்பம் வந்ததில்லை.

அவருடைய தோணி மாலத்தீவிலிருந்து திரும்பி வந்து நின்றது. கரைக்குப் போய்க் கூப்பிட்டேன். மி, மி. தோணியின் ஓரத்தில் நின்ற ஆண்கள் எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள். யாருடைய பேரும் அது இல்லை. என் கணவர் கண்மேல் கை வைத்துக் கரையைப் பார்த்தார். என் முகம் அவருக்குத் தெரிந்திருக்கும். முகத்துக்காக இறங்கும் வழக்கம் இங்கே இல்லை.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு சோ. சக்கிறீஸ்துக்குப் போய் அலமாரியைக் கைகாட்டித் திறக்க வைத்தேன். என் சுரங்கள் எல்லாம் ஊதாத் துணிக்குள் இருந்தன. சோ மட்டும் இல்லை. மாஸ்டர் எடுத்துப்போய்விட்டார் என்றார்கள்.

இசை படித்தவர் என்பதால் மாஸ்டர் மட்டும் நான் சொல்வதைப் பேச்சாக எடுத்துக்கொள்வார். ஆர்கன் மேடைக்கு ஏறிப் போனேன்.

"என் சோ எங்க மாஸ்டர்?"

"ஆர்கன்லதான்க்கா இருக்கு. உப்புக்காத்துல சோ குழாய் அரிச்சுப் போச்சு. உங்களுது நல்லா விளைஞ்ச சோ. அளவெடுத்த மாதிரி உக்காந்துட்டு."

"என்னைக் கேக்கவே இல்லையே."

"தரையக் கேட்டா வீடு கட்டுவாங்க?"

அன்றைக்குக் கீரியே ஒத்திகை. பூசைப்பாட்டின் முதல் பகுதி, ஆண்டவரே இரக்கமாயிரும் என்பது. அதில் ஒவ்வொரு முறையும் நான் மி பாட வேண்டும். உடனே ஆர்கன் சோ கொடுக்கும். பாடகர் மேடைக்குக் கடலைப் பார்த்த ஜன்னல் உண்டு. பாடிக்கொண்டே பார்த்தேன். என் மி, ஆர்கனில் என் சோ. ஏறுமுகம். போய்வாருங்கள். தோணி நங்கூரத்தை எடுத்தது. கீரியே முடியும்போது அதன் முன்பக்கத்தில் எழுதியிருந்த பெயரை என்னால் வாசிக்க முடியவில்லை. அடுத்த பகுதியான குளோரியா ஒத்திகையில் ஆட்கள் மறைந்தார்கள். கிரேதோ நீளமான பகுதி. விசுவாசம் அனைத்தையும் சொல்லி முடிக்க வேண்டுமே. அது முடிந்தபோது பாய்மர நுனி மட்டும் தெரிந்தது.

"மாஸ்டர், ரெண்டு சுரத்தையும் மாத்திப் போடுங்க. ஆர்கன் முன்னால சொல்லட்டும், நான் பின்னால வாரேன்."

"அது முடியாதுக்கா. மியிலருந்து சோவுக்குப் போறதுதான் இந்தப் பாட்டே. மனுஷன் கடவுள்கிட்ட ஏறுதான்."

"ஏறுறவன் ஏறட்டும். எங்க வீட்டு மனுஷன் திரும்ப மாலத்தீவுக்குப் போறாவ."

"ஆயர்கிட்டக் காமிச்சாச்சு. நல்லாருக்குன்னுட்டாரு."

ஆயருக்கு மனைவி கிடையாது. கரையில் நின்று அவரை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. அவர் நல்லாயிருக்கிறது என்று சொன்னதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் ஒரு மனுஷன் கடவுளிடம் ஏறுவதற்கு இன்னொரு மனுஷன் சாப்பாட்டை விட்டுக் கடலில் போக வேண்டும் என்று எந்த வேதத்தில் இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். அதைக் கேட்கும் சுரங்கள் ஊதாத் துணியில் இருந்தன. இறங்கி வந்துவிட்டேன்.

பிலோமினா பின்னாலேயே வந்தாள். "தாமசமா வா ளா" என்றாள். "அவரு கைய அசைக்கும்போது வாயத் தொறக்காத. ஆர்கன் சொன்ன பொறவு தொற. நவீனம்தான, யாருக்குத் தெரியப் போவுது?"

திருவிழாப் பூசைக்கு ஆயர் வந்தார். கோவில் நிறைந்து வாசல் வரை ஆட்கள் நின்றார்கள். மாஸ்டர் என் பக்கம் தலையை ஆட்டினார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஆர்கன் தனியாகச் சோ சொன்னது. என் சொந்தச் சோ, குழாய்க்குள் இருந்து, நான் என்றைக்கும் சொல்லாத அளவு பெரிதாக வந்தது. அதன் பின்னால் என் மியை வைத்தேன். இறங்கியது. மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். இரண்டு கையும் இரண்டு காலும் ஆர்கனில் இருந்ததால் முகத்தால் மட்டுமே திட்ட முடிந்தது.

கீரியே முழுக்க அப்படியே பாடினேன். குளோரியாவில் பாய்மரம் தெரிந்தது. கிரேதோ நீளமாக இருந்ததற்கு அன்றைக்கு முதல் முறையாக நன்றி சொன்னேன். சாங்க்துஸ், பரிசுத்தர் பரிசுத்தர் என்னும்போது நங்கூரம் விழுந்தது. கடைசிப் பகுதியில், எங்களுக்குச் சமாதானத்தைத் தந்தருளும் என்று எல்லாக் குரல்களும் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தபோது, மேடையின் மரப்படியில் ஈரக்கால் ஏறி வரும் சத்தம் கேட்டது.

வேட்டி நனைந்திருந்தது. முன்னைவிடக் கறுத்திருந்தார். பாட்டைக் கையில் பிடித்தபடி வழிவிட்டு நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய் ஆர்கனின் முன்னால் நின்று, வீட்டு வாசலில் நின்று கேட்பதைப் போலவே கேட்டார்.

"கூப்பிட்டியா ளா?"

ஆர்கன் சோவில் ஆமாம் என்றது.

பூசை முடிந்து சாமியார் மேலே வந்து அவரையும் ஆர்கனையும் பார்த்தார். ஆர்கனுக்கு ஞானஸ்நானம் ஆகியிருக்கிறதா என்று மட்டும் கேட்டார். கப்பலில் வந்து இறங்கிய அன்றே கிளாரா என்ற பெயரில் ஆகியிருப்பதாக மாஸ்டர் சொன்னார். அப்படியானால் தடை எதுவும் இல்லை என்று கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை அந்த ஞாயிறே பூசையில் வாசித்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு நெருங்கிய சொந்தம் என்று சொல்ல நான் ஒருத்திதான் இருப்பதால், சம்மதத்தை என்னிடம் கேட்டார்கள்.

பெண்ணுக்கு என்ன சீதனம் போடுவீர்கள் என்று கேட்டேன். அதற்குள் மற்ற சுரங்கள் திரும்பி வந்திருந்ததால் நன்றாக ஏற்றி இறக்கியே கேட்டேன். மாஸ்டர் பெண் வீட்டுக்காரர் என்ற முறையில் தரையைப் பார்த்தார். ஒரு சோ இருக்கிறது, அதைத் தருகிறோம் என்றார். மாப்பிள்ளை வீட்டார் நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

பட்டுச்சேலையை வெயிலில் போட்டிருக்கிறேன்.