கடைசி வீட்டுக் குழாய்

அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு குழாய் நின்றது. நீலப் பெயின்ட், பித்தளைத் திருகு, பார்த்தால் கண் நிறையும். குழாய்க்கு அடியில்தான் ஒன்றுமே இல்லை. முழங்கால் ஆழத்துக்கு ஒரு துண்டு பைப்பை நட்டு, சுற்றிலும் சிமென்ட் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு வீட்டில் அதில் ஆட்டைக் கட்டினார்கள், இன்னொரு வீட்டில் குடையை மாட்டினார்கள். தண்ணீர் மட்டும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

நட்டவர் நகராட்சி சேர்மன். ஊர் முழுக்கக் குடிநீர் கொடுப்பதற்காக அரசாங்கம் நகராட்சிக்குக் குறைந்த வட்டியில் கடன் தந்திருந்தது. மொத்தமாகத் தந்தால் ஏப்பம் விட்டுவிடுவார்கள் என்று அரசாங்கத்துக்கும் தெரியும். அதனால் தவணை முறை. முதல் தவணையில் குழாய் பதிக்க வேண்டும். அப்புறம் கடன் கொடுத்த துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்து, வரைபடத்தில் எந்த வீடு கடைசியோ அங்கே போய், குழாயைத் திறந்து பக்கெட் பிடித்துப் பார்ப்பார். வாலுக்குத் தண்ணீர் வந்தால் உடம்புக்கும் வந்திருக்கும் என்பது துறையின் சித்தாந்தம். பக்கெட் மளமளவென்று நிறைந்தால் அதே இடத்தில் கையெழுத்து, அடுத்த தவணை.

வரைபடத்தில் கடைசி வீடு, ஊர்த்துணியைக் கையால் வெளுத்துக் கொடுக்கிற லாண்டரியம்மாவுடையது. அவள் சேர்மனுக்குக் கூடப்பிறந்த அக்கா.

உண்மையான குழாய் அவள் தெருமுனை வரைக்கும் நல்ல பிள்ளையாகத்தான் வந்தது. முனையில் என்ன தோன்றியதோ, இடுப்பை வளைத்துக்கொண்டு பெரிய வீதிக்குத் திரும்பிவிட்டது. அங்கே சேர்மனின் மச்சான், அதாவது பெண்டாட்டியின் தம்பி, புதிதாக மெஷின் லாண்டரி திறந்திருந்தான். யானையின் தும்பிக்கை போல ஒரு கனத்த இணைப்பு நேராக அவன் கடைக்குள் போனது. உள்ளே வாஷிங் மெஷின்கள் வரிசையாக நின்று ஹெலிகாப்டர் மாதிரி சுற்றின. அக்காவின் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக அங்கே நழுவினார்கள். அவள் சிமென்ட் தொட்டியில் பல்லிகள் கல்யாணம் பண்ணிக் குடித்தனம் நடத்தின.

அவள் அழவில்லை. தொட்டியையே முறைத்தபடி உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் அவள் பார்வையில் படும்படி ஈரத்துணியைப் பிடித்தால் நொடியில் காய்ந்துவிடும் என்று எதிர்வீட்டு டெய்லர் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு கம்பளியை அப்படிக் காயவைத்ததாகக்கூடச் சொன்னார்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் தம்பி சேர்மன் அவளைத் தேடி வந்தான்.

"அக்கா, உன் வீட்டுக் கொல்லையில ஒரு டேங்கர் நிக்கும். அதுலேருந்து ஓஸ் ஒண்ணு மண்ணுக்கடியில உன் குழாய்க்கு வரும். அவர் திறப்பாரு, பக்கெட் ரொம்பும், போயிடுவாரு. நீ ஒரு டீ குடுத்து அனுப்பினாப் போதும்."

"கையெழுத்து போட்டா என்ன ஆகும்?"

"இந்தத் தெரு ஃபைல் முடிஞ்சிரும். தண்ணி வந்த தெருன்னு ஆயிடும்."

"தண்ணி வந்த தெருவுக்கு அப்புறம் யாருடா பைப்பு போடுவா?"

"அடுத்த தவணை வரட்டும்கா. எல்லாம் பாத்துக்கலாம்."

அடுத்த தவணை மேல்நிலைத் தொட்டிக்கு. அதைக் கட்டப்போகிற காண்ட்ராக்டரும் அந்த மச்சானேதான். நாளைக்கு அந்தக் கையெழுத்து விழுந்தால் உலகம் அழிகிற வரைக்கும் காகிதத்தில் அவள் வீட்டில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. சிரித்தாள்.

"அதுக்கென்னடா, நல்லா செஞ்சிடலாம்."

அக்கா சிரித்தால் ஓடி ஒளிய வேண்டும் என்று சின்ன வயதில் தெரிந்து வைத்திருந்தவன்தான். பதவி வந்ததும் அந்த அறிவு போய்விட்டது. நிம்மதியாகக் கிளம்பினான்.

அவன் தலை மறைந்ததும் அவள் டெய்லரிடம் போய், "நாளைக்கு என் வீட்டுக் குழாய்ல தண்ணி வருது, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள். அவரிடம் அப்படிச் சொன்னால் மைக் வைத்து அறிவித்த மாதிரி.

காலையில் அதிகாரி வந்தார். ஒல்லியான மனுஷர். இஸ்திரி மடிப்பில் காய்கறி நறுக்கலாம், அப்படி ஒரு வெளிர்மஞ்சள் சட்டை. துறையின் பக்கெட்டை வைத்துக் குழாயைத் திறந்தார். தண்ணீர் பாய்ந்து வந்து முகத்தில் அடித்தது. பக்கெட் வழிந்தது. அதிகாரி குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார்.

"இவ்வளவு பிரஷர் நான் எந்த ஊர்லயும் பாத்ததில்ல சேர்மன் சார்."

"எல்லாம் உங்க துறையோட கடன் சார்" என்று சேர்மன் குழைந்தான்.

அவர் பேனாவைத் திறந்த நேரம் லாண்டரியம்மா டீயோடு வந்தாள். சமதரையில், கல்லும் இல்லை முள்ளும் இல்லை, அவள் கால் தடுக்கிய அழகைப் பார்க்க வேண்டுமே. டீ முழுவதும் காலரில் தொடங்கி பெல்ட்டில் போய் இறங்கியது.

"ஐயோ சார், கழட்டுங்க, கழட்டுங்க."

"பரவால்லம்மா, ரூமுக்குப் போயி பாத்துக்கறேன்."

"டீக்கறை காஞ்சிடுச்சுன்னா அப்புறம் அது தரை துடைக்கத்தான் ஆகும் சார். நான் லாண்டரிக்காரி. ரெண்டு நிமிஷ வேலை. தண்ணிதான் தம்பி புண்ணியத்துல கொட்டுதே."

"அக்கா, வேணாம்கா" என்றான் சேர்மன்.

"நீ சும்மா இருடா. உன் தண்ணியை சார் கண்ணால பாக்கட்டும்."

அதிகாரி பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து, ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டார். பனியனில் ஓட்டை இருந்தது. சேர்மன் பேனாவை நீட்டி, "சார், அந்தக் கையெழுத்தை மட்டும்" என்றான்.

"பனியனோட கையெழுத்து போடற வழக்கம் எங்க துறையில கிடையாது சார். சட்டை வரட்டும்."

அவள் குழாயில் ரப்பர் ஓஸைச் சொருகித் தொட்டியை நிரப்பினாள். நிரம்பியதும், "சீ, பல்லி எச்சம்" என்று அத்தனையையும் திறந்துவிட்டாள். மறுபடி நிரப்பினாள். கறைக்கு ஒரு தண்ணி, ஊறவைக்க ஒரு தண்ணி என்றாள். கப்பல் முழுகும் அளவுத் தொட்டியில் ஒற்றைச் சட்டை மிதந்தது. சேர்மன் முகம் சட்டையின் நிறத்துக்கு வந்தது. டேங்கரின் வயிறு எவ்வளவு என்று அங்கே தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவளும் தெரியாதவள் இல்லை.

அந்தச் சமயம் தெரு வந்து சேர்ந்தது. குடம், அண்டா, வாளி, குழந்தையைக் குளிப்பாட்டுகிற பேசின், டெய்லர் தலையில் மூட்டையாகத் திரைச்சீலைகள்.

"அக்கா, தண்ணி வருதாமே. பிடிக்கலாமா?"

"சாரைக் கேளுங்க, என்னை ஏன் கேக்கறீங்க?"

"தாராளமா பிடிங்க. உங்க தண்ணிதானே" என்றார் அதிகாரி. மக்கள் பயனடைவதை நேரில் பார்க்கிற பாக்கியம் அவருக்குச் சர்வீஸிலேயே முதல் தடவை.

சேர்மன் ஒவ்வொரு குடமாக எண்ணிக்கொண்டிருந்தான். லாண்டரியம்மா சட்டையை வெளியே எடுத்து, சோப்பைப் போட்டு, நுரை ஒரு ஆள் உயரம் எழும்பும்வரை தேய்த்தாள். பிறகு அலசுவதற்குக் குழாயடிக்குப் போனாள்.

குழாய் இருமியது. கொர்ரென்று ஒரு சத்தம். கடைசியாக ஒரு சொட்டு, அதுவும் யோசித்து யோசித்து விழுந்தது.

"என்னாச்சு?" என்றார் அதிகாரி.

"கரண்ட் சார். மோட்டார் நின்னிருக்கும்" என்றான் சேர்மன்.

"கரண்டெல்லாம் இருக்கு" என்றார் டெய்லர். "என் வீட்டு ஃபேன் சுத்துது பாருங்க."

லாண்டரியம்மா கையில் நுரை சொட்டச் சொட்ட, பச்சைக்குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்: "இருங்க சார், இன்னும் ரெண்டு தண்ணி அலசணும். கொல்லையில போயி டேங்கர் டிரைவரை இன்னொரு லோடு கொண்டாரச் சொல்றேன்."

ஆடுகூட அசை போடுவதை நிறுத்தியது. அதிகாரி பனியனோடு எழுந்து கொல்லைக்குப் போனார். டேங்கருக்கு அடியில் டிரைவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். திரும்பி வந்தவர் அடுத்த வீட்டுக் குழாயைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். வேரோடு கையில் வந்தது. அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. தெருக்கோடி வரைக்கும் முள்ளங்கி பிடுங்குகிற மாதிரி பிடுங்கிக்கொண்டே போனார்.

சட்டை நுரையோடு நுரையாகவே கிடந்தது. டெய்லர் கொடுத்த, ஒற்றைக் கை மட்டும் தைத்திருந்த யாரோ ஒருவரின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அவர் ஊரைவிட்டுப் போனார். போகும்போது சேர்மனிடம் ஒன்றுதான் சொன்னார்.

"இந்த வீட்ல நிஜத் தண்ணி வரணும். இந்தம்மா போதும்னு சொல்லணும். அது வரைக்கும் அடுத்த தவணைங்கற வார்த்தை உங்க வாயில வரக்கூடாது."

எல்லோரும் போனதும் தம்பி அக்கா முன்னால் நின்றான்.

"ஏன்கா இப்படிப் பண்ண? நான் உன் தம்பிக்கா."

"அதனாலதாண்டா டீயோட விட்டேன். வேற எவனாவது இருந்தா சோடாக்காரத்தை ஊத்தியிருப்பேன்."

அப்புறம் தெருவைத் தோண்டினார்கள். இந்தத் தடவை நிஜப் பைப். வேலை முடிந்ததும் அதிகாரி, சட்டையோடு, எட்டி நின்று, குழாயைத் திறந்தார். நூல் மாதிரி வந்தது. எறும்பு அதில் தலை குளித்துவிட்டு நனையாமல் போகலாம்.

"போதுமாம்மா?"

"பத்தலையே சார்" என்றாள் லாண்டரியம்மா. "வழியில யாரோ கனமா உறிஞ்சற மாதிரி இருக்கு. பெரிய வீதியில போயி பாக்கலாமே."

சேர்மன் அவளை ஓரமாக இழுத்தான். "அக்கா, அவன் மெஷின் எல்லாம் கடனுக்கு வாங்கினதுக்கா. என் பொண்டாட்டி என்னை வீட்ல சேக்க மாட்டா."

"என் தொட்டியை மட்டும் எவனாவது ஓசியில கட்டித் தந்தானா?"

அதிகாரி பெரிய வீதிக்குப் போய்ப் பார்த்து, கடைக்குப் போகும் இணைப்பை மூடச் சொன்னார். நகராட்சி வால்வு ஆள் சாவியைத் தொட மறுத்துவிட்டான். சேர்மன் வீட்டுச் சொந்தத்தின் தண்ணீரை நிறுத்தி அவன் யாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது? கடைசியில் சேர்மனே மச்சான் கடை வாசல் குழிக்குள் இறங்கி, ஆளுயர இரும்புச் சாவியை மாட்டித் திருகினான். கடை மாடி ஜன்னலில் சேர்மன் பெண்டாட்டி நின்றாள். அவள் பார்வைக்கு இரும்புச் சாவியே வளைந்திருக்கும். வாசலில் மச்சான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மாமா, இது நல்லா இல்ல" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

லாண்டரியம்மா வீட்டிலிருந்து ஒரு ஸ்டூல் கொண்டுவந்திருந்தாள். குழிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னொரு சுத்து."

"ஆச்சுக்கா."

"இன்னும் ஒண்ணு சுத்துடா. உள்ள இன்னும் சத்தம் கேக்குது."

உள்ளே ஒரு மெஷின் நின்றது. அடுத்தது முனகிக்கொண்டே நின்றது. அவள் கண்ணை மூடி, தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டாள். மூன்றாவதும் அடங்கியபோது டெய்லர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அக்கா, உங்க வீட்டுக் குழாய்ல தண்ணி பிச்சுக்கிட்டு அடிக்குது. வந்து பாருங்க."

"தண்ணியை நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலை மாடிப்படிப் பக்கமாகத் திருப்பிப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். தம்பி பெண்டாட்டி இறங்கி வந்துகொண்டிருந்தாள்.