துருத்தி மூலையில் நின்றவள்

பிடரியில் பிறந்து, தோட்பட்டையின் முடிச்சுகளில் தங்கி, விலாவெலும்பு வரை இறங்கிய வலி, பரவைச் சந்தையில் விடியுமுன் சும்மாடு வைத்து வெங்காய மூட்டை சுமந்த ஜெயக்கொடியின் உடலில் மாலையாகியும் மாறாமல், ஊதிவிட்ட உலைக்கனல்போல் கனன்றுகொண்டிருந்தது. காலையில் குடித்த தேநீரன்றி வயிற்றில் வேறொன்றும் இல்லை. உண்டுவிட்டுப் பாடினால் மூச்சு நீளாது என்பது அவள் கண்ட உண்மை.

பங்குனி வெயில் சாய்ந்த அவ்வேளையில், நீர் வற்றிய வையை, தீனி காணாத பசுவின் விலாப்போல் வரிவரியாய்க் கிடந்தது. தென்கரையில் கோபுரங்கள் தூசிப் படலத்துள் நிழலாய் நிற்க, வடகரைக் கோரிப்பாளையத்தில் வண்டிகள் ஒன்றையொன்று ஏசி நெருக்க, அவ்விரைச்சலின்மேல் தொழுகை அழைப்பு எழுந்து பரந்து அடங்க, அப்பாலுள்ள கிறித்தவக் கற்கோவிலொன்றின் வாயிலில் சபை மக்கள் செருப்பைக் கழற்றி உள்ளே நுழைந்துகொண்டிருந்தனர்.

அக்கோவிலின் மாடத்தில், ஆர்கன் என்று ஊரார் வழங்கும் குழற்பேழை நின்றது. மூங்கிற்புதர்போல் நெருங்கிய ஈயக்குழல்களை உடையது; பின்னறையில் உள்ள தோல்துருத்தி ஊட்டும் காற்றை உண்டு பேசுவது. துருத்தியை இக்காலத்தில் ஒரு மின்பொறி ஊதுகிறது. ஆள் நின்று அழுத்திய பழைய மரநெம்புகோல், துருவேறிய கீலோடு அங்கேயே கிடந்தது.

கோவிலின் பாடகர் குழு அன்று பாடவிருந்தது, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் குழற்பேழை வாசித்தே வாழ்ந்த இசைப்புலவர் ஒருவர் யாத்த திருப்பாடல். இடிபோல் முழங்கி உச்சியேறும் பண், உச்சியிலேயே அறுந்து, நெடியதோர் அமைதியுள் விழும். அவ்வமைதியின் அடியிலிருந்து குழற்பேழையின் ஒற்றைத் தாழொலி எழ, அதைப் பற்றிக்கொண்டு ஒரு பெண்ணின் கீழ்க்குரல் தனித்து எழவேண்டும். அக்குரல் ஜெயக்கொடியுடையது. இசைக்குறி படிக்க அறியாத அவளுக்குச் செவியே ஏடு. தாழொலி பிசகினால் அவளுக்குத் தொடக்கமே இல்லை.

“இன்னிக்குச் சறுக்கினா அம்புட்டுதாம்மா,” என்று குழற்பேழை வாசிக்கும் குழுத்தலைவர் இம்மானுவேல் முன்னரே சொல்லிவிட்டார். “மறுபடி உன்னைய முன்வரிசையில நிறுத்தச் சொல்லி நான் வாயத் தெறக்க முடியாது.”

நெடுங்காலம் அத்தனிக்குரலைப் பாடிவந்தவள் முத்துமீனா. பழங்காநத்தத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இசை கற்பிப்பவள். குறி படிக்கத் தெரியாதவளை நம்பி எப்படி இறங்குவது என்று குழு நடுவே வெளிப்படையாக மறுத்துப் பேசித் தோற்றவளும் அவளே. தோற்றபின், கடைசி வரிசையில் துருத்தியறைக் கதவோரத்து மூலை அவளுக்குக் கிடைத்தது.

பாடல் தொடங்கச் சற்று முன், பனங்கற்கண்டு கரைத்த வெந்நீர்க் குவளையோடு முத்துமீனா வந்தாள்.

“குடிடி. தொண்டைக்கு நல்லது.”

“வேணாங்க்கா. இதுல என்னத்தக் கலந்திருக்கீகளோ,” என்றாள் ஜெயக்கொடி. அருகிருந்தோர் சிரிக்கவே, அச்சிரிப்பு ஏற்றிய மிதப்பில் மேலும் சொன்னாள்: “நீங்க போயி அந்தத் துருத்தி மூலையில நில்லுங்க. நல்லாக் காத்து வாங்கலாம்.”

முத்துமீனா குவளையைச் சாளரப் படியில் வைத்துவிட்டுத் தன் மூலைக்குப் போனாள். சொன்ன வாய்க்கே அச்சொல் உறைத்தது. ஆயினும் முதுகை வளைத்தே பிழைப்பவள் கழுத்தை வளைக்க எளிதில் இசைவதில்லை.

பாடல் தொடங்கிற்று. நாற்குரலும் நான்கு ஓடைகளாய்ப் புறப்பட்டு, ஒன்றில் ஒன்று பாய்ந்து, கரையுடைத்த வெள்ளமாய்த் தூண்களில் மோதி, உச்சியில் அறுந்தன. அமைதி விழுந்தது.

படிப்போரே, ஊர் தன் வழக்கத்தைக் காட்டியது இங்கேதான். பாட்டு நின்றால் முடிந்தது, முடிந்தால் ஆமென் சொல்லவேண்டும் என்று பழகிய அம்மக்கள், புலவர் அரிதின் வைத்த அமைதியை நிறைத்து, “ஆமென்!” என்று ஒருமிக்க முழங்கினர். அதுவரை சூடேறி உறுமிக்கொண்டிருந்த மின்பொறி, அம்முழக்கத்தின் அடியில் ஒருமுறை திணறி நின்றதை மாடத்தின் முன்பக்கம் எவரும் கேட்கவில்லை.

இம்மானுவேல் குழற்பேழையின் கால்கட்டையை மிதித்தார். தாழொலி எழுந்தது; எழுந்தவுடனே இளகிச் சரிந்தது, சேற்றில் அமிழும் எருமையின் முனகல்போல். ஜெயக்கொடி திறந்த வாயோடு நின்றாள். படியே கரைந்துபோகையில் ஏறுபவள் காலை எங்கே ஊன்றுவாள்?

“போச்சு,” என்றாள் பக்கத்தில் நின்றவள், உதடு அசையாமல்.

அப்போது பின்னால் மரம் ஒன்று கிறீச்சிட்டது. மீண்டும் ஒருமுறை. சரிந்த ஒலி, முழங்காலில் தாங்கித் தலைக்கு ஏற்றிய மூட்டைபோல் ஆடி, நிமிர்ந்து, தன் இடத்தில் நின்றது. ஜெயக்கொடி அதைப் பற்றிக்கொண்டு பாடினாள்.

பாடும்போதே அவள் செவி பின்னால் சென்றது. உழைத்த உடல், உழைக்கும் உடலை ஓசையாலேயே அறியும். நெம்புகோலைப் பிடித்த ஆள், இடுப்பை ஊன்றாமல் கையாலேயே அழுத்துகிறார், வேலைக்குப் புதியவர், இப்படியே போனால் தோள் விட்டுப்போகும். அந்த மரம் தளர்ந்தபோதெல்லாம் ஒலியும் ஓரிழை தாழ்ந்தது. திரும்பிப் பார்க்க வழியில்லை. கோல் ஏறும் இடைவெளியில் தானும் மூச்செடுத்து, அது இறங்கும்போது குரலை விட்டு, முகமறியாத அந்த ஆளோடு ஒரே சுமையைத் தூக்குபவள்போல் பாடினாள். ‘விட்டுறாதீக, விட்டுறாதீக’ என்று நெஞ்சு இறைஞ்சிற்று.

பாடல் முடிந்தது. இம்முறை ஆமென் தன் உரிய இடத்தில் விழுந்தது. ஜெயக்கொடி திரும்பினாள்.

துருத்தியறைக் கதவு திறந்துகிடந்தது. வெண்சேலை வியர்வையில் ஒட்ட, கொண்டை அவிழ, தான் பாடவேண்டிய முடிவுப் பகுதியைப் பாடாமலே விட்ட முத்துமீனா நெம்புகோலின்மேல் சாய்ந்து நின்றாள். உள்ளங்கைத் தோல் உரிந்து சுருண்டிருந்தது.

ஜெயக்கொடி ஓடிப்போய்த் தன் பையிலிருந்த சும்மாட்டுத் துணியைக் கிழித்து அக்கைகளைச் சுற்றினாள்.

“என்னடி, காத்து வந்துச்சா?” என்றாள் முத்துமீனா, மூச்சிரைக்க.

“வந்துச்சுக்கா.”

“அந்தக் கட்டைய எப்பிடித்தான் அந்தக் காலத்துல அழுத்துனாய்ங்களோ! நீ நித்தம் தூக்குறது இம்புட்டுக் கனமாவாடி இருக்கும்?”

சொல்லவேண்டிய ஒரு சொல் ஜெயக்கொடியின் நாநுனிக்கு வந்தது. அதற்குள் பாராட்டவந்த கூட்டம் இருவரையும் இருபுறம் இழுத்துச் சென்றது. பின்னர், ஆளொழிந்த மாடத்தில், சாளரப் படியில் ஆறிக்கிடந்த குவளையை எடுத்து அவள் குடித்தாள். அதில் இனிப்பைத் தவிர வேறொன்றும் கலந்திருக்கவில்லை.

தலைச்சுமையை இறக்கிவைக்க எவ்வூரிலும் ஒரு கை கிடைக்கும். நாச்சுமையைச் சுமந்தவளே இறக்கவேண்டும். ஜெயக்கொடி முத்துமீனாவிடம் மன்னிப்புக் கேட்கக் கடன்பட்டவள். இன்னும் அவள் கேட்கவில்லை.