மூத்தவரின் கையெழுத்து

அக்கா பிறக்கவே இல்லை என்று மூன்றாம் கவுன்டர்காரர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன். ஐம்பத்தாறு வருடப் பழக்கம்.

"பொறக்காமத்தான் காலைல இருந்து இங்க கியூல நிக்கறேனா?" என்று அவரிடம் கேட்டாள்.

"நிக்கறீங்கம்மா, நான் இல்லைன்னா சொன்னேன்? பொறப்பு ரெஜிஸ்தர்ல இல்லை. நீங்க சொன்ன வருஷம் பாத்தாச்சு, முன் வருஷம் பாத்தாச்சு, பின் வருஷமும் பாத்தாச்சு."

அவரிடம் இரண்டு மூக்குக்கண்ணாடிகள் இருந்தன. ஒன்று கண்ணில், ஒன்று நெற்றியில். நெற்றிக் கண்ணாடி ரெஜிஸ்தருக்கு, கண் கண்ணாடி மனிதர்களுக்கு. அக்காவைப் பார்க்க இரண்டும் போதவில்லை போல, அவ்வப்போது துடைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். வெளிநாட்டில் இருக்கும் அக்கா மகளுக்கு இரண்டு மாதத்தில் பிரசவம். கூட இருக்க ஆளில்லை. தினமும் போன் செய்து, "அம்மா, எப்பம்மா வர்றே?" என்று அழுகிறாள். அக்கா போக வேண்டும் என்றால் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பகல் முழுக்க எல்லாரையும் அதட்டும் அக்கா, அந்தப் போனை வைத்த பிறகு மட்டும் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள். தண்ணீர் ஓடும். ஒரு பாத்திரமும் கழுவப்பட்டிருக்காது.

அதட்டல் அவளுக்குத் தொழில்முறை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், குரலைக் கொடுக்கவில்லை. நான் திரைச்சீலை தைக்கிறவள். அவளைவிட இரண்டு வயது சின்னவள். எங்கள் வீட்டில் பெரிய துண்டு கேக் அவளுக்கு, பஸ்ஸில் ஜன்னல் சீட்டு அவளுக்கு, எந்தச் சண்டையிலும் கடைசி வார்த்தை அவளுக்கு. "ஏன்?" என்று கேட்டால் ஒரே பதில்தான்: "நான் மூத்தவ." அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு என் காது தேய்ந்தே போய்விட்டது.

"அப்போ எம்பேரை எழுதாமலே விட்டுட்டாரா அப்பா?" என்றாள் அக்கா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. இறங்கிய குரலோடு இருக்கும் அக்காவை என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது.

அப்போதுதான் அப்பாவைப் பற்றி யோசித்தேன். அப்பா ஒரு பேக்கரிக்கு ரொட்டி வேன் ஓட்டியவர். ஒரு வேலைக்காக ஒரு நடை போவது என்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. இரண்டு வேலையாவது சேர்ந்தால்தான் சக்கரம் உருளும். அக்காவுக்குப் பல் வலி வந்தபோது, என் பல்லும் ஆட ஆரம்பிக்கட்டும் என்று நான்கு நாள் காத்திருந்தவர். அக்கா வீங்கிய கன்னத்தோடு என் பல்லைத் தினமும் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், என்னோடதைப் பாருங்களேன்" என்று என் பிறந்த தேதியைச் சொன்னேன்.

"நீங்களும் பொறக்கலைன்னா என்னைத் திட்டக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது கையில் கனமான ரெஜிஸ்தர் இருந்தது. கண்ணாடியை மாற்றினார். ஒரு வரியில் விரல் வைத்தார். விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் இரட்டையரா?"

"யாரு? இவளும் நானுமா?" அக்கா சத்தம் போட்டதில் இரண்டாம் கவுன்டர் கியூவே திரும்பியது.

"ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே தேதி, வீட்டுப் பிரசவம். காலைல ஆறு பத்துக்கு ஒரு பெண். ஆறு இருபதுக்கு இன்னொரு பெண். பேர் எழுதற இடம் ரெண்டும் காலி."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அக்கா பிறந்ததும் அப்பா போகவில்லை. இன்னொன்று பிறக்கட்டும், சேர்த்துப் பதிந்துவிடலாம் என்று இருந்திருக்கிறார். இன்னொன்று பிறக்க இரண்டு வருடம் ஆகிவிட்டது.

கண்ணாடிக்காரருக்கும் விளங்கிவிட்டது. "ஒரு வருஷம் தாண்டிட்டா கோர்ட் உத்தரவு வேணும்மா. உங்க அப்பா அந்த அலைச்சலுக்குப் பயந்து ரெண்டையும் ஒண்ணாவே பெத்துட்டாரு."

"சரி, ஆறு பத்து நான். அவ ஆறு இருபது" என்றாள் அக்கா. இரட்டையர் ஆனாலும் பதவியை விடுவதாக இல்லை.

"அது எப்படி? நான்தானே அன்னிக்கு நெஜமா பொறந்தேன்?" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

"சண்டை வேண்டாம். எடை போட்டிருக்கு." அவர் ரெஜிஸ்தரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "முதல் பெண், மூணு கிலோ. ரெண்டாவது பெண்…" நிறுத்தினார். நெற்றிக் கண்ணாடி, கண் கண்ணாடி இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டார். "பதினொரு கிலோ."

அக்கா கவுன்டருக்குள் எட்டி அந்த வரியைப் பார்த்தாள்.

அப்பா தேதியில் பொய் சொன்னார், நேரத்தில் பொய் சொன்னார். எடையில் மட்டும் அவரால் முடியவில்லை. வாழ்நாள் முழுக்க ரொட்டியை எடை போட்டுக் கொடுத்த மனிதர். பேக்கரித் தராசில் பச்சைக் குழந்தை என்னையும் இரண்டு வயது அக்காவையும் ஒழுங்காக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். எழுதிக்கொண்ட புண்ணியவானும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

"பத்து நிமிஷம் கழிச்சு பதினொரு கிலோவா!" என்றார் கண்ணாடிக்காரர். "அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடணும்."

நான் கவுன்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"இதைத் திருத்த எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டாள்.

"கோர்ட்டுக்குப் போகணும். ஒரு வருஷம் வெச்சுக்கோங்க. இருக்கறபடியே நகல் வேணும்னா நாலு நாள்ல தந்துடுவேன். ஆனா பேர் காலியா இருக்கறதால, எது யாருன்னு இரட்டையர்ல மூத்தவங்க எழுதிக் கையெழுத்துப் போடணும்."

விண்ணப்பத்தை எங்கள் முன்னால் வைத்தார். அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐம்பத்தாறு வருட ராஜ்யம் அந்த ஒரு தாளில் போகிறது. போனில் மகள் அழுவதும் அவள் காதில் கேட்டிருக்க வேண்டும். பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"போடுடி" என்றாள்.

'இரண்டாவது குழந்தை என் தங்கை' என்று எழுதி, 'மூத்தவரின் கையெழுத்து' என்ற இடத்தில் போட்டேன். இவ்வளவு அழகாக நான் கையெழுத்துப் போட்டதே இல்லை. அக்கா கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். கண்ணாடிக்காரர் முத்திரை குத்தினார்.

"நாலு நாள் கழிச்சு வாங்க. குழந்தை பொறந்தா மறக்காம உடனே பதியச் சொல்லுங்க" என்றார்.

பஸ் வந்தது. நான் முதலில் ஏறி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தேன்.

"நான் மூத்தவ" என்றேன்.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் மாட்டியிருந்த கறுப்புப் பையைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

"மூத்தவதான் பை தூக்கணும்."

அந்தப் பையை அதுவரை நான் தொட்டதில்லை. அவள் தோளிலேயே முளைத்த மாதிரி எப்போதும் இருக்கும். தொடை நசுங்கிவிடும் போலக் கனத்தது. அப்படி என்னதான் வைத்திருக்கிறாள் என்று திறந்தேன். இரண்டு தண்ணீர் பாட்டில். என் பிரஷர் மாத்திரை. நான் தொலைத்துவிடுவேன் என்று என் பவரில் இன்னொரு மூக்குக்கண்ணாடி. எனக்கு மழை ஆகாது என்று குடை. எனக்கு ஏசி ஆகாது என்று ஸ்வெட்டர். எனக்குப் பசி தாங்காது என்று பிஸ்கட். அவளுடையது என்று ஒரு கைக்குட்டையும் சீப்பும் இருந்தன.

ஜன்னல் சீட்டைத்தான் நான் இத்தனை வருடமும் கணக்கு வைத்திருக்கிறேன். பையை ஒரு நாளும் கணக்கில் சேர்த்ததில்லை. அழுகை வந்துவிட்டது. அடக்கவும் தோன்றவில்லை.

"என்னடி, கனக்குதா?" என்றாள்.

"மாத்திக்கலாம்க்கா."

"எதை? சீட்டையா, பையையா?"

"ரெண்டையும்."

அவள் முதலில் பையைத்தான் வாங்கிக்கொண்டாள். "நகரு" என்று ஜன்னல் சீட்டைக் கேட்டது அதற்குப் பிறகுதான்.