பக்கத்து வளவில் நிற்கும் ஸ்கூட்டி

என் மனைவி தன் ஸ்கூட்டியைப் பக்கத்து வளவில்தான் நிறுத்துகிறாள். என்னிடம் இடமில்லையென்றால் அதில் ஒன்றுமில்லை. கல்முனைப் பிரதான வீதியில் நாற்பது வாகனம் நிற்கக்கூடிய தரிப்பிடம் நடத்துகிறவன் நான். வாசலில் கதிரை போட்டு இருக்கிறவனும் நான்தான். காலை ஒன்பது மணிக்கு அவள் என்னைத் தாண்டிப் போவாள். மதிலுக்கு அந்தப் பக்கத்துத் தரிப்பிடத்தில் ஸ்கூட்டியை விட்டுவிட்டு, வீதியைக் கடந்து தன் அபாயாக் கடையைத் திறப்பாள். நான்கு மாதமாக இதுதான் நடக்கிறது.

பக்கத்துத் தரிப்பிடம் என் சகலன் முஸ்தாக்கினுடையது. சரியாகச் சொன்னால் அவனுடையதும் இல்லை, என்னுடையது என்னுடையதும் இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் வீடு வளவெல்லாம் பெண்பிள்ளைகளுக்குத்தான். மாமனார் ஒரே வளவின் நடுவில் மதிலைக் கட்டி, மூத்தவள் றுக்ஸானாவுக்குப் பாதியும் இளையவள் பஸ்னாவுக்குப் பாதியும் எழுதிவைத்தார். றுக்ஸானாவைக் கட்டியவன் காலிதீனாகிய நான். பஸ்னாவைக் கட்டியவன் முஸ்தாக். இரண்டு பேரும் மனைவிமாரின் மண்ணில் பிழைக்கிறவர்கள். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான், அதில் எனக்கு வெட்கமில்லை.

பன்னிரண்டு வருஷம் நான் தனிக்காட்டு ராஜா. முஸ்தாக் டோஹாவில் இருந்தான், அவன் பாதியில் ஆமணக்கு முளைத்துக் கிடந்தது. என் வாசலில் ஒரு சங்கிலி. அதன் ஒரு முனை தூணில், மறுமுனை கொக்கியில். மத்தியானம் லுஹருக்குப் பள்ளிக்குப் போகும்போது சங்கிலியைக் கொளுவி, கதிரையைக் கவிழ்த்து வைப்பேன். கதிரை கவிழ்ந்திருந்தால் காலிதீன் தொழுகைக்குப் போய்விட்டான் என்று ஊருக்கே தெரியும். ஒருவரும் ஒன்றையும் தொடமாட்டார்கள்.

போன வருஷம் முஸ்தாக் திரும்பி வந்தான். டோஹாவில் ஏதோ பெரிய கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில் வேலை பார்த்தவனாம். வந்த கையோடு ஆமணக்கை வெட்டி, கொங்கிரீட் போட்டு, வாசலில் ஒரு தானியங்கிக் கேட்டை நட்டான். வெள்ளையும் சிவப்பும் பூசிய நீளக் கம்பு. தூணில் ஒரு கமரா. வழக்கமாக வருகிறவர்களின் வாகன நம்பரை அந்தக் கமரா வாசித்து, கம்பைத் தானாகத் தூக்கும். சின்னப் பலகையில் பச்சை எழுத்தில் ‘நல்வரவு’ என்று வரும். புதிதாக வருகிறவன் பொத்தானை அமுக்கினால் ரசீதுத் துண்டு வரும். துண்டைக் காட்டாமல் ஒரு வாகனமும் வெளியே போகமுடியாது.

பொறாமைப்பட்டாயா என்று கேட்டால், பட்டேன். மறைக்க என்ன இருக்கிறது? மதிலுக்கு அந்தப் பக்கம் ‘ங்ங்’ என்று மோட்டர் சுழலும் ஒவ்வொரு தடவையும் என் வயிறு எரிந்தது. பகல் முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மின்சாரம் போனது. அல்லாஹ்வே என்று சந்தோஷப்பட்டேன். அரை நிமிஷத்தில் அவனுடைய பற்றரி வேலை செய்தது.

அதோடு என் நேரமும் கெட்டது. ஒரு லுஹர் நேரம், கவிழ்த்த கதிரையைத் தாண்டி எவனோ உள்ளே வந்து, வங்கியில் வேலை செய்யும் பிள்ளை ஒன்றின் புது மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டான். காலிதீன் பள்ளியில் நிற்கிறான் என்பது ஊருக்குத் தெரிந்தால் கள்ளனுக்கும் தெரியும்தானே. அந்த யோசனை பன்னிரண்டு வருஷமாக எனக்கு வரவில்லை. அடுத்த கிழமையே வங்கிக்காரர் எல்லோரும் மதிலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

அவர்கள் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். றுக்ஸானா போனதைத்தான் தாங்கமுடியவில்லை.

அது ஒரு மழை நாள். ஸ்கூட்டியின் முன்னால் துணிக்கட்டு, முதுகில் பை. வாசலில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கூரைக்குக் கீழே கதிரையில் இருந்தேன். நனையாமல் இருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

“சங்கிலியக் கழட்டிட்டு வா. மறுகா கொளுவிட்டுப் போ” என்றேன்.

மழையில் இறங்கிச் சங்கிலியைக் கழற்றினாள், ஸ்கூட்டியை உள்ளே விட்டாள், திரும்பி வந்து சங்கிலியைக் கொளுவினாள். அடுத்த நாள் என்னைக் கடந்து போனாள். ‘ங்ங்’ என்று சத்தம் கேட்டது.

அன்றிரவு சோறு வைக்கும்போது கேட்டேன்.

“என்னத்துக்கு அங்க உட்ட?”

“அந்தக் கேட்டு என்னக் கண்டோன ஒழும்புது” என்றாள். “ஒழும்பச் சொல்லத் தேவல்ல.”

ஒரு கம்பைப் பார்த்துப் பொறாமைப்படும் நிலைமைக்கு மனுஷன் வரக்கூடாது. நான் வந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். என் மனைவி என் வாசலால் உள்ளே வரவேண்டும், வருவதை முஸ்தாக் பார்க்கவேண்டும். வங்கிக்காரர் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

என் வயலில் போன போகத்து நெல்லு விற்ற காசு முழுவதும் கேட்டாக மாறியது. தம்பிலுவில் ஊர்க் கோகிலனைப் பிடித்தேன். அவன்தான் இந்தப் பக்கமெல்லாம் கமரா, கேட் பொருத்திப் பூட்டிக்கொடுக்கிறவன். முதலில் அவனிடம் கேட்டது முஸ்தாக்கின் கம்பு எத்தனை அடி என்றுதான்.

“பன்னிரண்டு அடி நானா.”

“எனக்குப் பதினாலு போடு.”

“உங்கட வாசல் பன்னிரண்டு அடிதான் நானா இருக்கு. பதினாலு போட்டா மதிலுக்கு அங்கால முஸ்தாக் நானாட வளவுக்குள்ள நிக்கும்.”

பன்னிரண்டோடு நின்றேன். மற்றதெல்லாம் அவனுடையதைவிட ஒரு படி மேல். பெரிய பலகை, இரண்டு கமரா, கம்பின் நீளத்துக்கு மின்னும் விளக்கு. வாகனம் கீழே நிற்கும்போது கம்பு விழாமலிருக்கத் தரையைக் கொத்தி வயரும் புதைத்தான். என் கையில் ஒரு ரிமோட்டும் தந்தான், அவசரத்துக்கு.

கடைசி நாள் கோகிலன் மடிக்கணினியைத் திறந்து, பதியவேண்டிய நம்பர்களைக் கேட்டான். அங்கேதான் நான் யாரென்று காட்டினேன். கொப்பி எதுவும் பார்க்கவில்லை. மீராமுகைதீன் ஹாஜியாரின் கார், மருந்துக்கடைக்காரரின் வேன், கோமாரியிலிருந்து தேங்காய் கொண்டுவரும் லொறி, என்னை விட்டுப்போன வங்கிப் பிள்ளைகளின் மோட்டார் சைக்கிள்கள் என்று முப்பத்தெட்டு நம்பரை மளமளவென்று சொன்னேன். பன்னிரண்டு வருஷம் வாசலில் இருந்தவனுக்கு ஊரின் நம்பரெல்லாம் நாக்கு நுனியில். கோகிலன் வாயைப் பிளந்தான்.

“உங்கட வீட்டு வாகனங்கள் நானா?”

“வீட்டாக்களுக்கு என்னத்துக்கு நம்பர்? வாசல்ல நான் இரிக்கன் தானே” என்றேன்.

திங்கட்கிழமை காலை திறப்பு. மௌலவி துஆ ஓதினார், எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தேன். முதல் நாள் இரவே றுக்ஸானாவிடம் சொல்லிவைத்திருந்தேன், நாளைக்கு நம்மட வாசலால வா என்று. பார்ப்போம் என்றாள். ஆனால் காலையில் நல்ல அபாயாவை உடுத்தியதைப் பார்த்தேன்.

ஹாஜியாரின் கார் வந்தது, கம்பு உயர்ந்தது. மருந்துக்கடை வேனுக்கும் உயர்ந்தது. வங்கிப் பிள்ளைகளில் இரண்டு பேர் புதுக் கேட்டைப் புதினம் பார்க்க வந்தார்கள், அவர்களுக்கும் உயர்ந்தது. முஸ்தாக் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நன்றாகப் பார் என்று மனதுக்குள் சொன்னேன்.

ஒன்பது மணிக்கு றுக்ஸானா வந்தாள். வீதியிலிருந்து மெதுவாகத் திருப்பி, என் கம்பின் முன்னால் நிறுத்தினாள். நான் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன்.

கம்பு அசையவில்லை. முஸ்தாக்கின் பலகையைவிடப் பெரிய என் பலகையில், பெரிய சிவப்பு எழுத்தில், ‘பதிவு இல்லை’ என்று வந்தது.

ரிமோட்டைத் தேடி எடுத்து அமுக்கினேன். கம்பு உயர்ந்தது. அவள் உள்ளே வரவில்லை. ஹெல்மட்டின் கண்ணாடியை உயர்த்திவிட்டு அந்தப் பலகையை வாசித்தாள்.

“என்ட வளவுக்குள்ள எனக்குப் பதிவு இல்ல” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் துணி தீர்ந்துவிட்டது என்று சொல்வாளே, அந்தக் குரலில்தான் சொன்னாள்.

“அது கோகிலன்ட பிழை. இப்பவே போடச் சொல்றன். வா உள்ளுக்கு.”

“என்ட நம்பர் என்ன?”

நான் ஸ்கூட்டியின் தகட்டைப் பார்க்கக் குனிந்தேன்.

“அங்க பாக்காதிங்க. என்ட முகத்தப் பாத்துச் சொல்லுங்க.”

ஆறு வருஷமாக அவள் அந்த ஸ்கூட்டியை ஓட்டுகிறாள். வாங்கிக் கொடுத்தவன் நான்தான். முகத்தைப் பார்த்தேன். ஒரு எழுத்துக்கூட வரவில்லை. தேங்காய் லொறியின் நம்பர் வந்தது. ஹாஜியார் காரைக் கழுவ ஒருவன் கொண்டுபோவானே, அவனுடைய ஓட்டோ நம்பரும் வந்தது.

“சரி” என்றாள். “முஸ்தாக்கிர கார் நம்பர்?”

“சிஏஎம் நாலு ஒம்பது பூச்சியம் ரெண்டு” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. அவன் கேட்டை நட்டதிலிருந்து எட்டு மாதமாக முறைத்துப் பார்த்த கார் அது. றுக்ஸானா தலையை ஆட்டினாள், தான் நினைத்தது சரிதான் என்பதுபோல. பிறகு ஸ்கூட்டியைப் பின்னால் உருட்டி, திருப்பிக்கொண்டு போனாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ‘ங்ங்’ என்றது.

பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தவர்கள் திடீரென்று கைபேசிகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஹாஜியார் மட்டும் பார்த்த கண்ணை எடுக்காமல் நின்றார். நான் என் மோட்டார் சைக்கிளை உதைத்தேன். பக்கத்து வாசலுக்கு மோட்டார் சைக்கிளா என்று கேட்கவேண்டாம். நடந்துபோனால் தோற்றவன் நடந்துபோவது மாதிரி இருந்திருக்கும். போய் என்ன செய்வது என்று ஒரு திட்டமும் இல்லை. ஹோர்ன் அடிப்பேன், முஸ்தாக் ஓடிவருவான், இதையெல்லாம் ஆரம்பித்தவன் நீதான் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லுவேன். அவ்வளவுதான் யோசித்திருந்தேன். இந்த எட்டு மாதத்தில் அவன் வாசலை நான் மிதித்ததே இல்லை.

கம்பின் முன்னால் நிறுத்தி, ஹோர்னில் விரலை வைத்தேன். அமுக்க முந்தி ‘ங்ங்’ என்றது.

கம்பு எனக்காக உயர்ந்தது. சின்னப் பலகையில் பச்சை எழுத்தில் ‘நல்வரவு’. அதன் கீழே என் மோட்டார் சைக்கிளின் நம்பர்.

முஸ்தாக் வந்தான். “வாங்க காக்கா” என்றான், நேற்றும் வந்த அண்ணனைக் கூப்பிடுவதுபோல.

“என்ட நம்பர் இதுக்குள்ள எப்பிடி வந்த?”

“கேட்டு பூட்டின அண்டைக்கே போட்டது. முதல்ல றுக்ஸானா மச்சிட நம்பர், ரெண்டாவது உங்கட, அதுக்குப் பொறகுதான் மத்தாக்கள்ற.” உயர்ந்து நின்ற கம்பை அண்ணாந்து பார்த்தான். “நீங்க வருவிங்க எண்டுதான் நெனச்சன். வரல்ல.”

அந்த இடத்தில் எனக்கு மனம் இளகியது என்று எழுதினால் பொய். அதுவரை பட்ட பொறாமையெல்லாம் சேர்த்தாலும் அந்த நிமிஷம் பட்டதற்கு ஈடாகாது. நல்ல கேட்டில் என்னை முந்தினான், பரவாயில்லை. நல்ல மனுஷனாக இருப்பதிலும் எட்டு மாதம் முந்திக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறான். அவனைச் சண்டைக்கு இழுக்க என் கையில் ஒன்றுமே மிஞ்சவில்லை.

பின்னால் ஒரு வேன் ஹோர்ன் அடித்தது. கம்பு எனக்காக உயர்ந்தபடியே நின்றது. உள்ளே போனேன்.

றுக்ஸானா வீதியைக் கடந்து போயிருந்தாள். கடையின் இரும்புக் கதவை அவள் தூக்குவது தெரிந்தது. ஸ்கூட்டி நிழலில் நின்றது. அதன் பக்கத்தில் நிறுத்தி இறங்கி, தகட்டைப் பார்த்தேன். பிஎஃப்கே ஏழு மூன்று ஒன்று ஆறு. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். திறந்து சரிபார்த்தேன். மறுபடியும் மூடிக்கொண்டு சொன்னேன். முப்பத்தெட்டு நம்பரை வைத்திருந்த தலைக்கு அந்த ஒரு நம்பர் அவ்வளவு கனமாக இருந்தது.

கோகிலனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“நம்பர் விடுபட்டிட்டு. இப்பவே போடணும்.”

“ஓம் நானா, சொல்லுங்க. ஒண்டுதானா?”

முஸ்தாக் இரண்டு கோப்பை தேநீரோடு என் பக்கம் வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் அவன் கார் நின்றது. அதன் தகட்டை நான் பார்க்கத் தேவையில்லை.

“இப்போதைக்கு ஒண்டுதான்” என்றேன்.