ஹாலுக்குப் போகும் சாமான்

எபிசனின் தலைக்கு அடியில் கிடந்த தலையணையை ஷைஜா ஒரே இழுவையில் உருவினாள். அவன் தலை மெத்தையில் விழுந்தது. கண் திறக்கவில்லை.

"கொள்ளாம், நல்லாருக்கு. எல்லா வேலையையும் எனக்க தலையில கெட்டிவச்சிட்டு மனுஷன் ஒறங்குத ஒறக்கத்த பாரு" என்று சொல்லிக்கொண்டே தலையணையைச் சாக்கில் திணித்தாள். சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள். கோபத்தில் போட்ட முடிச்சு.

வீடு மாறும்போதுதான் மனுஷரின் குணம் வெளியே வரும். ஷைஜாவுக்குப் பழைய ஐஸ்கிரீம் டப்பாவைத் தூக்கிப் போடக்கூட மனசு வராது. எபிசனுக்கோ பேர் எழுதாத பெட்டியைக் கண்டால் பொறுக்காது. கத்தாரில் ஏசி மெக்கானிக்காக இருந்த காலத்தில் ஊருக்குக் கார்கோ போட்டுப் போட்டு வந்த பழக்கம் அது. பெட்டியின் எல்லாப் பக்கத்திலும் மார்க்கரால் எழுதி, மேலே பிரவுன் டேப் ஒட்டினால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். ஊரோடு வந்து குலசேகரத்தில் கடை போட்ட பிறகும் பழக்கம் போகவில்லை. இந்த வாடகை வீட்டைக் காலி செய்ய ஆரம்பித்ததும், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஸ்மைலினைக் கூப்பிட்டு மார்க்கரையும் டேப்பையும் கையில் கொடுத்து, இனி நீதான் ஆபீசர் என்று சொல்லிவிட்டான். அவளும் நாக்கை வெளியே நீட்டி, கவனமாக எழுதி ஒட்டிக்கொண்டிருந்தாள். அடுக்களை. மாடி. ஹால். தம்பி ஜெஃப்ரின் உட்கார்ந்திருந்த காலிப் பெட்டிக்கும் ஒன்று. மூன்று வயதுக்காரன் காலையிலிருந்து அதை விட்டு இறங்க மறுத்துக்கொண்டிருந்தான்.

மதியத்துக்கு மேல் எபிசனும் லிஜோவும் சேர்ந்து ஃபிரிட்ஜை மாடிப்படி வழியே இறக்கினார்கள். லிஜோ அவனுடைய கூட்டாளி, டெம்போ ஓட்டுகிறவன். அவன் முதல் லோடை எடுத்துக்கொண்டு போன பிறகு எபிசன் தோளைத் தடவிக்கொண்டே மேலே வந்தான்.

"கேஸ் கேறி நிக்கி போல இருக்கு. நெஞ்சு ஒரு மாதிரி முட்டுது."

"இஞ்சி, சுக்கு எல்லாம் பெட்டிக்குள்ள போயாச்சி. இனி புது வீட்டுலதான் சுக்கு வெள்ளம்" என்றாள் ஷைஜா.

அவன் சிரித்தான். "அங்க பிரதிஷ்டை முடியாம அடுப்பு பத்த வைக்க மாட்டேனே. சரி, கொஞ்சம் கெடக்கட்டு. லிஜோ வந்தா எழுப்பு."

அந்த விஷயத்தில் அவன் பிடிவாதக்காரன். ஆலயத்துக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு தட்டுத்தடுமாறிப் போகிறவன்தான். ஆனால் போதகர் வந்து ஜெபித்து, வாசல் திறந்து பிரதிஷ்டை நடக்கும்வரை புது வீட்டுக்குள் ஒரு பாய்கூட விரிக்கக்கூடாது என்று வைத்திருந்தான். கட்டுமான வேலை நடந்தபோதுகூட உள்ளே நின்று ஒரு சாயா குடித்ததில்லை. வெளியே மணல்குவியலில் உட்கார்ந்துதான் குடிப்பான். பிரதிஷ்டை வியாழக்கிழமை. கார்டு அடித்து ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது. இன்று செவ்வாய். அதுவரைக்கும் சாமான்களெல்லாம் புது வீட்டின் கார் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும். இவர்கள் நாலு பேரும் எபிசனின் அண்ணன் இஸ்ரவேல் வீட்டில் படுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

"அம்ம, அப்பாக்க மேல என்னத்த எழுதி ஒட்ட?" என்று ஸ்மைலின் படுக்கையறையிலிருந்து கேட்டாள்.

ஷைஜா அடுக்களையில் கண்ணாடிப் பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். "ஹால்னு ஒட்டு. அங்க போனாலும் ஹாலுலதான நீண்டு நிமிந்து கெடக்கப் போறாவ."

ஸ்மைலின் எழுதினாள். அப்பாவின் சட்டைப் பைக்கு மேலே வைத்து டேப் ஒட்டினாள். ஜெஃப்ரின் கடைசியில் பெட்டியை விட்டு இறங்கி வந்து, அப்பாவின் உள்ளங்காலில் ஒரு குத்துக் குத்திவிட்டு ஓடினான். இது அவர்கள் மூன்று பேருக்கும் உள்ள விளையாட்டு. எபிசன் செத்த மாதிரிக் கிடப்பான். பிள்ளைகள் பக்கத்தில் வந்ததும் பாய்ந்து பிடிப்பான்.

"இப்ப பிடிப்பாவ பாரு" என்றாள் ஸ்மைலின்.

ஜெஃப்ரின் மறுபடியும் வந்து குத்தினான். மறுபடியும் ஓடினான். அடுக்களையில் ஷைஜா அவர்கள் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே கோப்பைகளைச் சுற்றினாள். அந்த ஆளுக்குப் பிள்ளைகளோடு விளையாட மட்டும் நேரம் உண்டு என்று நினைத்தாள்.

லிஜோ திரும்பி வந்து சாக்குகளையும் சில்லறைச் சாமான்களையும் டெம்போவில் ஏற்றி முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மீதி இருந்தது கட்டில் மட்டும்தான்.

"அண்ணே, கட்டில தனியா எடுக்கணுமா, ஆளோட சேத்து எடுக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டே அவன் படுக்கையறைக்குள் போனான். பதில் இல்லை என்றதும் காலைப் பிடித்துக் கிச்சுக்கிச்சு மூட்டப் போனான். பிடித்த கையை எடுக்காமல் அப்படியே நின்றான்.

"அக்கா" என்றான். "ஒண்ணு இஞ்ச வாங்க."

அவன் குரலில் இருந்தது என்னவென்று ஷைஜாவுக்கு விளங்கவில்லை. கட்டில் கால் ஏதும் உடைந்துவிட்டதோ என்று நினைத்துக்கொண்டு வந்தாள்.

டெம்போவில் மெத்தையோடு வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பிள்ளைகளைக் கீழ்வீட்டில், வீட்டுக்காரர் கிளீட்டஸின் மனைவியிடம் விட்டுவிட்டு ஷைஜாவும் பின்னால் ஏறினாள். மிக்சியும் செருப்புப் பெட்டியும் சுற்றிவர இருக்க, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு "கேட்டியளா, எழும்புங்க, கேட்டியளா" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். வளைவுகளில் மிக்சி உருண்டுகொண்டிருந்தது. அதையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் சின்னப் பையனாக இருந்தார். "ஹார்ட் அட்டாக். வரும்போதே உயிர் இல்ல. போயி ஒரு மணிக்கூறுக்கு மேல ஆயிருக்கும்" என்றார்.

"வியாழக்கிழமை எங்களுக்கு வீடு பிரதிஷ்டை" என்றாள் ஷைஜா.

டாக்டர் லிஜோவைப் பார்த்தார்.

"கார்டெல்லாம் குடுத்தாச்சி" என்றாள். சொல்லச் சொல்ல, தான் பேசுவது சரியில்லை என்று தெரிந்தது. ஆனால் வேறு பேச்சு வாயில் வரவில்லை. ஒரு மணிக்கூறுக்கு மேல் என்றால், தலையணையை உருவினபோது இருந்தானா இல்லையா? இருந்திருந்தால், அப்போதே உலுக்கி எழுப்பியிருந்தால்? இல்லையென்றால், செத்துக் கிடந்தவன் தலையிலிருந்தா உருவினாள்? எது என்று டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்கப் பயமாக இருந்தது.

நர்ஸ் அவனுடைய வாட்சையும் மோதிரத்தையும் புது வீட்டுச் சாவியையும் ஒரு கவரில் போட்டுத் தந்தாள். பிறகு சட்டையில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்து, "இது என்னக்கா?" என்று பிய்க்கப் போனாள். ஷைஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இஸ்ரவேல் வந்ததும் தம்பியின் முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார். அப்பா போன பிறகு அவனைப் படிக்க வைத்து, கத்தாருக்கு அனுப்பி வைத்ததும் அவர்தான்.

"குடும்ப வீட்டுக்கு கொண்டு போவோம் மக்கா. அப்பாவையும் அங்கதான் வச்சோம்."

"வேண்டாம் அத்தான். வீட்டுக்கு போவோம்."

"எந்த வீட்டுக்கு?"

அந்தக் கேள்வி ஷைஜாவை அடித்தது. குடியிருந்த வீட்டில் ஒரு பாய்கூட மிச்சமில்லை. நாளை காலையில் வேறு ஆட்கள் குடிவருகிறார்கள்.

"அவிய கெட்டின வீட்டுக்கு."

இஸ்ரவேல் குரலைத் தாழ்த்தினார். "பிரதிஷ்டை நடக்காத வீடாக்கும் அது. மொதல்ல சவம் கேறின வீட்டுல பின்ன நீயும் பிள்ளைகளும் எப்பிடி கெடப்பிய? எனக்காக வேண்டி சொல்லல்ல. அவனே சம்மதிக்க மாட்டான். உள்ள வச்சி ஒரு சாயா குடிச்சிருப்பானா?"

உண்மைதான். பன்னிரண்டு வருஷம் அந்நிய நாட்டில் ஏழெட்டுப் பேரோடு ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் படுத்தவன். தன் வீட்டில் ஒரு ராத்திரி தூங்கவேண்டும் என்பதைத் தவிர அவன் வேறெதையும் இவ்வளவு ஆசையாய்ப் பேசி அவள் கேட்டதில்லை. அவன் வாசலைப் பார்க்காமலே மண்ணுக்குப் போய்விடுவான் என்று நினைத்தபோதுதான் அவளுக்கு முதன்முதலாக அழுகை முட்டியது. அதை விழுங்கிக்கொண்டு போனை எடுத்துப் போதகரைக் கூப்பிட்டாள்.

"பாஸ்டர், ஷைஜா பேசுதேன். வியாழக்கிழமை உள்ள ஜெபத்த இன்னைக்கே வைக்க முடியுமா?"

அவருக்குச் செய்தி போயிருந்தது. "அம்மா, நீங்க இப்ப..." என்று இழுத்தார்.

"சுருக்கமா செய்தா போதும் பாஸ்டர். பாட்டு ஒண்ணும் வேண்டாம். பிரதிஷ்டை ஆவாம அவிய உள்ள வர மாட்டாவ. வெளியில கெடத்த எனக்கு முடியாது."

"வாறேன்" என்றார் போதகர்.

இஸ்ரவேல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஆம்புலன்ஸ் டிரைவரிடம் புது வீட்டுக்கு வழி சொல்லப் போனார்.

புது வீட்டின் கேட்டுக்கு வெளியே ஆம்புலன்ஸ் நின்றது. பின்கதவு மூடியிருந்தது. ரப்பர் தோட்டங்களிலிருந்து இருட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் செருப்பில்லாமல் வந்து நின்றார்கள். கிளீட்டஸ் பிள்ளைகளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். சாத்திய வாசலுக்கு முன்னால் போதகர் புத்தகத்தைப் பிரித்தார். நூறு வீட்டுக்காவது பிரதிஷ்டை செய்த வாய் அது. வாசிப்பு தானாக ஓடியது.

"இந்த வீட்டின் தலைவர் திரு. எபிசன் முன்னால் வந்து..."

நிறுத்திவிட்டார். எல்லாருடைய தலையும் கேட்டுப் பக்கம் திரும்பிவிட்டுத் தாழ்ந்தது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முன்பே வாங்கி வைத்திருந்த சாவியை ஷைஜாவின் கையில் திருப்பிக் கொடுத்தார்.

சாவி உள்ளே போனது, திரும்பவில்லை. ரெண்டு முறை முயன்றாள். இஸ்ரவேல் உதவிக்குக் கை நீட்டினார். அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. புதுக் கதவு, கொஞ்சம் இறுக்கம், உன் பக்கம் இழுத்துப் பிடிச்சிட்டுத் திருப்பு என்று எபிசன் காட்டித் தந்திருக்கிறான். இழுத்துப் பிடித்துத் திருப்பினாள். திறந்தது. உள்ளே பெயிண்ட் வாசனை. வெறும் தரை.

பெட்டி படுக்கை, சட்டி பானை எதுவும் நுழையாத அந்த வீட்டுக்குள் எபிசனைத்தான் முதலில் கொண்டுவந்தார்கள். ஹாலின் நடுவில், கழுவி உடுத்து, வியாழக்கிழமைக்கு எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டு, ஐஸ் பெட்டி வருவதற்குள் மெத்தையில் கிடத்தினார்கள். பழைய சட்டையை ஷைஜா யாருக்கும் கொடுக்காமல் மடித்துக் கவரில் வைத்துக்கொண்டாள்.

பிறகு எழுந்து கார் ஷெட்டுக்குப் போனாள். தார்ப்பாயை விலக்கி ஒவ்வொரு சாக்காகப் பார்த்தாள். மகளின் கோணல் எழுத்தில் அடுக்களை, மாடி, மாடி, ஹால். அவள் தேடியது கிடைக்கவில்லை. லிஜோ என்னவென்று கேட்டான். அவள் சொன்னதும், டெம்போவில் இன்னும் இறக்காமல் கிடந்த ஒரு சாக்கைத் தூக்கி வந்தான். அவள் கோபத்தில் கட்டியது. சீட்டு ஒட்டாத சாக்கு அது ஒன்றுதான். முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். தலையணையை எடுத்து வந்து அவன் தலையைத் தூக்கி அடியில் வைத்தாள். வைத்த பிறகுதான் அவளுக்குச் சத்தம் வந்தது. பெண்கள் வந்து பிடித்துக்கொள்ளும்வரை, தெரு முழுக்கக் கேட்கும்படி அழுதாள்.

மறுநாள் வந்தவர்களில் பாதிப் பேர் வியாழக்கிழமை வருவதாகச் சொன்னவர்கள். சிலர் பழக்கத்தில் தலையை உயர்த்திச் சீலிங்கைப் பார்த்தார்கள், உடனே கண்ணைத் தாழ்த்தினார்கள். ஜெஃப்ரின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் போய் மரத்தில் ஒரு குத்துக் குத்திவிட்டு, ஷைஜாவின் சேலைக்குப் பின்னால் ஓடி ஒளிந்தான். கொஞ்சம் பொறுத்து எட்டிப் பார்த்தான். அவனை யாரும் தடுக்கவில்லை. ஸ்மைலின் மட்டும் தம்பியோடு சேரவில்லை. அப்பாவின் புதுச் சட்டையின் பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜெபம் முடிந்தது. மூடி போட்டார்கள். இஸ்ரவேலும் லிஜோவும் இன்னும் நாலு பேரும் குனிந்து பெட்டியைத் தூக்கி வாசல் பக்கம் திரும்பினார்கள்.

"பெரியப்பா" என்று ஸ்மைலின் எழுந்து வந்து குறுக்கே நின்றாள். "அப்பாவ எங்க கொண்டு போறிய?"

இஸ்ரவேலின் உதடு கோணியது. "கல்லறைத் தோட்டத்துக்கு மக்களே."

"இல்ல. அப்பா ஹாலுக்கு உள்ளதாக்கும். நான் எழுதி ஒட்டியிருந்தேன். சட்டைய மாத்தினதுல போயிற்று."

யாரோ ஒரு பெண் அவளைப் பிடித்து இழுக்க வந்தாள். அவள் கையை உதறினாள்.

"அம்மதான் ஒட்டச் சொன்னா. வேணும்னா கேளுங்க."

எல்லாரும் ஷைஜாவைப் பார்த்தார்கள்.

"ஆமா அத்தான்" என்றாள் ஷைஜா. "நான்தான் சொன்னேன்."

இஸ்ரவேல் மற்ற ஐந்து பேரையும் பார்த்தார். தூக்கிய பெட்டியை அவர்கள் மெல்ல மறுபடியும் ஹாலில் இறக்கி வைத்துவிட்டு, தள்ளி நின்றார்கள்.