ஐம்பத்தாறு சைஸ்

கீழக்கரைக்காரர்களுக்குக் கூரியர்மேல் நம்பிக்கை கிடையாது. துபாயிலிருந்து ஒரு தைல பாட்டில் வரவேண்டுமென்றாலும் “யாரு வாரா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். வருகிற ஆள் முப்பது கிலோ கொண்டுவரலாம். அதில் அவருடைய சொந்தச் சாமான் நாலு கிலோ இருந்தால் அதிகம், மீதியெல்லாம் ஊருக்குச் சொந்தம். பால்பவுடர், போர்வை, பாதாம், டார்ச் லைட்டு, ஒரு தடவை கழற்றிக் கட்டிய தையல் மெஷின்கூட இப்படித்தான் வந்து சேர்ந்தது. ஆகவே சுஹாவின் சைக்கிள் ஆறு பேருடைய பெட்டியில் ஆறு துண்டாக வந்ததில் தெருவில் யாருக்கும் ஆச்சரியமில்லை. வந்த துண்டுகள் ஒன்றோடொன்று சேரமாட்டேன் என்று அடம்பிடித்ததுதான் ஆச்சரியம்.

சுஹாவுக்கு இருபத்தேழு வயது. ராமநாதபுரத்தில் ஓர் எலும்பு டாக்டரிடம் பிசியோதெரபிஸ்ட். அடுத்தவர் கையையும் காலையும் அளந்து, இன்ன மூட்டு இத்தனை டிகிரி மடங்குகிறது என்று எழுதிக்கொடுப்பது அவள் பிழைப்பு. கணவன் மதார் துபாயில் ஒரு டைல்ஸ் ஷோரூமில் மேனேஜர். ஊரான் வீட்டுத் தரையை மில்லிமீட்டர் பிசகாமல் அளப்பான். அளவு தெரிந்த இரண்டு பேருக்கு முடிச்சுப் போட்டிருக்கிறோம் என்று இரு வீட்டாருக்கும் பெருமை. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவர்கள் ஒரே ஊரில் இருந்தது ஐம்பத்தெட்டு நாள். அதில் பதினோரு நாள் விருந்துக்குப் போய்வந்ததிலேயே கழிந்தது.

போன பிப்ரவரியில் ஏர்வாடியில் தொடங்கி வாலிநோக்கம் உப்பளம் வழியாகச் சுற்றிவரும் நூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்தில் சுஹா கலந்துகொண்டாள். பாதி வழி தார், மீதி வழி சரளையும் மணலும். யாரோ ஆறடி ஆளுக்குச் செய்த பதினேழு கிலோ சைக்கிளை இரவல் வாங்கிப் போயிருந்தாள். ஹேண்டில்பாரை எட்டிப் பிடித்து எட்டிப் பிடித்தே எழுபதாவது கிலோமீட்டரில் பத்து விரலும் மரத்துப்போய், பிரேக்கைப் பிடிக்க முடியாமல் நின்றுவிட்டாள். தண்ணீர்க் கேன் ஏற்றிவந்த மினி லாரியில், கேன்களோடு கேனாக ஊர் திரும்பினாள். மறுநாள் தெருவே வந்து துக்கம் விசாரித்தது. “அப்பவே சொன்னேன்ல” என்றவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்போது வாயே திறந்திருக்கவில்லை.

இந்த வருடம் அந்த நூறை முடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தாள். அதற்குச் சரளைப் பாதைக்கென்றே செய்த எடை குறைந்த சைக்கிள் வேண்டும். கிராவல் பைக் என்கிறார்கள். எடையைவிட முக்கியம், அது அவள் உடம்புக்குப் பொருந்த வேண்டும். ஒரு வாரம் உட்கார்ந்து பட்டியல் போட்டாள். உயரம் நூற்றைம்பத்து மூன்று சென்டிமீட்டர், கால் எழுபது. ஃபிரேம் நாற்பத்தேழு சைஸ், ஹேண்டில்பார் முப்பத்தெட்டு சென்டிமீட்டர் அகலம், கியர் லிவரும் பின்சக்கரத்துப் பல்லடுக்கான பின்பல்லும் பதினொன்றுக்குப் பதினொன்று, சக்கரத்துக்குத் திருகி மாட்டுகிற தடித்த ஆக்சில், கருவேல முள்ளுக்குத் தாங்கும் நாற்பது மில்லி டயர். ஒன்று மாறினாலும் இன்னொன்று சேராது என்று அடியில் கோடு போட்டு எழுதி மதாருக்கு அனுப்பினாள். அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி ஒரு படம் அனுப்பினான். படித்தான் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

அவன் பட்டியலைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். பிள்ளை ஆசைப்படுகிறாள் என்று ஊர் கூடித் தேர் இழுக்கக் கிளம்பிவிட்டது. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் ஒரு சாமானைக் கேட்டபடியே வாங்கித்தரும் கெட்ட பழக்கம் கிடையாது. கேட்டதைவிட ஒரு படி மேலே வாங்கினால்தான் பாசம்.

தோஹாவிலிருந்து வந்த அக்கா சூஃபியா பின்பல்லைக் கையில் வைத்து அழுத்தினாள்.

“நீ பதினொண்ணுதான் கேட்டே. நான் பன்னெண்டா வாங்கிட்டேன்.”

“லாத்தா, லிவரு பதினொண்ணு. இது சேராதே.”

“ஒண்ணு கூட இருந்தா கடிக்கவா செய்யும்? சும்மா இரு.”

வாப்பாவின் தம்பி சீனி முகம்மது சாச்சா ஷார்ஜாவிலிருந்து சக்கரம் கொண்டுவந்தார். “திருகி மாட்டுற ஆக்சில் எதுக்கும்மா? இதப் பாரு, ஒரு லிவரத் தூக்கினா டக்குன்னு கழண்டுரும்” என்று செய்து காட்டினார். டக்கென்று கழன்றது. மாட்டத்தான் வரப்போகிற ஃபிரேமில் இடமில்லை. வேகமாகப் போகட்டும் என்று ஒருவர் வழுவழுப்பான மெல்லிய டயர் தேடிப்பிடித்து வந்தார், கருவேலங்காட்டுக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. ஹேண்டில்பார் நாற்பத்தாறு அகலத்தில் வந்தது. கேட்டபடியே வந்து சேர்ந்தது கியர் லிவர் மட்டுந்தான், ஏனென்றால் கொண்டுவந்தவர் பட்டியலைக் கடைக்காரனிடம் நீட்டியதோடு சரி, அவன் கொடுத்த பெட்டியைப் பிரித்துப் பார்க்கவே இல்லை.

கடைசியாக, ஒரு பெரிய டிவி அட்டைப்பெட்டிக்குள் ஃபிரேம் வந்தது. அது மதார் தானே கடைக்குப் போய் வாங்கியது. கறுப்புக் கார்பன், எடை ஒரு கிலோவுக்கும் கீழே. ஒரு விரலில் தூக்கலாம் என்பதால் தெருவில் எல்லோரும் ஒரு விரலில் தூக்கிப் பார்த்தார்கள். அதன் அடியில் சைஸ் எழுதியிருந்தது, ஐம்பத்தாறு. சுஹா அதை இரண்டு தடவை படித்தாள்.

சகாயவினோத் பாம்பன்காரன். படகு இன்ஜின் பார்த்துக்கொண்டிருந்தவன், இப்போது ராமநாதபுரத்தில் கியர் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். ஆறு பெட்டியையும் தரையில் பரப்பிவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“அக்கா, இது சைக்கிள் இல்ல. குடும்ப போட்டோ. எல்லாரும் நிக்கிறாக, ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கிட்டு.”

“சேக்க முடியுமா முடியாதா?”

“பல்லு, சக்கரம், ஹேண்டில்பாரு, டயரு, இதெல்லாம் நம்ம ஓட்டுற ஆளுங்ககிட்ட மாத்தி வாங்கிரலாம். மதுரைக்காரன் ஒருத்தன் பன்னெண்டு பல்லுக்கு அலையிறான். கல்யாணத்துக்கு வந்த சுவர்க் கடிகாரத்த அடுத்த கல்யாணத்துக்குக் குடுக்கிற மாதிரிதான். ஆனா ஃபிரேமுக்கு மருந்து கிடையாதுக்கா. மேல்கம்பி தரையிலேர்ந்து எம்பத்திரண்டு. உங்க காலு எழுவது. பன்னெண்டு சென்டிமீட்டருக்கு எங்கன போவீக?”

சுஹாவுக்கு அது தெரியாதா? தெரிந்தும், சீட்டை முழுக்க இறக்கிவை, ஹேண்டில்பாரைக் கிட்டத்தில் இழுத்துவை என்று சொன்னாள். அவளுக்கு வேறு வழி தோன்றவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். இங்கே பத்துப் பேர் கூடிநின்று மாட்டை போட்டோ வேறு எடுத்திருந்தார்கள். மாற்ற வேண்டியதையெல்லாம் மாற்றி வினோத் பத்து நாளில் சைக்கிளைக் கட்டிக்கொடுத்தான்.

ஓடும்போது அது பறந்தது உண்மை. நிற்கும்போதுதான் வினை. உப்பளத்து வரப்புப் பாதையில் எதிரே உப்பு லாரி வர, பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றப் பார்த்தாள். கால் பாதி தூரம் இறங்கி, தரையைக் காணாமல் தேடியது. அப்படியே சாய்ந்து பாத்திக்குள் விழுந்தாள். இடது முழங்கை முழுக்கத் தோல் உரிந்தது. விழுந்த இடம் உப்புப் பாத்தி. மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் வீடியோ அழைப்பில் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள்.

“நாப்பத்தேழுன்னு எழுதித்தானே அனுப்புனேன் மச்சான்? ஏன் அம்பத்தாறு வாங்குனீக?”

“சின்னதும் பெருசும் ஒரே வெலதான் சுஹா. அதே காசுக்குப் பெருசு கெடைக்கும்போது யாராச்சும் சின்னத எடுப்பாகளா?”

“இது தர்பூசணியா? சைக்கிளு. என் காலு எட்டல.”

“நீ அளந்ததுலதான் ஏதோ தப்பு. உன் உசரம் எனக்குத் தெரியாதா? போகப் போகப் பழகிரும்.”

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது சுத்தமான கோபம். எத்தனையோ எலும்பை அளந்தவள், தன் எலும்பை அளக்கத் தெரியாதவளாம். ‘பெருசாத் தை, வளந்துருவா’ என்று உம்மா தைத்துப்போட்ட பள்ளிச் சீருடையிலிருந்து, பெருவிரல் பக்கம் பஞ்சு அடைத்துப் போட்ட பெருநாள் செருப்புவரை, அவள் அளவுக்கென்று அவளுக்கு ஒன்றும் வந்ததில்லை. எல்லாம் என்றைக்கோ வளரப்போகிற வேறு ஒருத்திக்காக வந்தவை. அந்த ஒருத்தி இன்றுவரை வந்துசேரவில்லை.

மறுநாளே வினோத் கடைக்குப் போனாள். அவனிடம் ஓர் அலுமினிய ஃபிரேம் கிடந்தது. நாற்பத்தேழு சைஸ், நீலம், அங்கங்கே பெயின்ட் போனது.

“கார்பனவிட எண்ணூறு கிராம் கூடக்கா. பாத்துக்கங்க.”

“எண்ணூறு கிராம்தானே? நான் சொமந்துக்கிறேன். நீ கட்டு.”

கார்பன் ஃபிரேமை வீட்டுக் கூடத்தில், கண்ணாடி பீரோவுக்கு மேலே ஆணியடித்து மாட்டினாள். பீரோவுக்குள் இருபது வருடமாக ஒருவரும் சோறு தின்னாத பீங்கான் தட்டுகள் இருந்தன. ஃபிரேமுக்கு நல்ல துணை. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, மாஷா அல்லாஹ் என்றார்கள். சைக்கிளை ஓட்டாமல் சுவரில் மாட்டியது ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. விலை உயர்ந்த சாமானை வேறு என்ன செய்வது?

மதாரிடம் மட்டும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நம்புகிற ஆளாக இருந்தால் முதல் தடவையே நம்பியிருப்பான்.

பிப்ரவரி ஓட்டத்தன்று காலை வாடைக்காற்று முகத்தில் அறைந்தது. அறுபது கிலோமீட்டர் தாண்டியதும் சுஹாவுக்கு எழுபது வருகிறதே என்றுதான் நினைப்பு. எழுபது வந்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள், பத்தும் மடங்கின. தண்ணீர் லாரி பக்கத்தில் வந்து வேகம் குறைத்தது. டிரைவர் போன வருடத்து ஆள்தான்.

“ஏறுறீகளா?”

“கேனப் பாத்துப் போங்கண்ணே” என்று சொல்லிவிட்டு மிதித்தாள். அதற்குமேல் முப்பது கிலோமீட்டரை எப்படி ஓட்டினாள் என்று அவளால் சொல்ல முடியாது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஏர்வாடியில் முடிவுக்கோட்டைத் தாண்டி இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றபோது, எதிரே மதார் நின்றுகொண்டிருந்தான். சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்டு, விடியற்காலை மதுரையில் இறங்கி, சீனி முகம்மது சாச்சாவோடு நேரே வந்திருந்தான். தன் ஃபிரேம் வருவதைப் படம் பிடிக்க போனைத் தூக்கியபடி இருந்தவன், நீல சைக்கிளைப் பார்த்ததும் கையை இறக்கினான்.

“எங்க நான் வாங்குனது?”

“வீட்டுல பத்திரமா இருக்கு.”

அவன் முகம் விழுந்துவிட்டது. பத்துக் கடை ஏறி இறங்கி வாங்கியது. அந்தச் சோர்வைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. சாச்சா நடுவில் புகுந்தார்.

“அத அப்புறம் பேசலாம். புள்ள நூறு முடிச்சிருக்கா. ரெண்டு பேரும் சேந்து நில்லுங்க, ஒரு போட்டோ.”

சேர்ந்து நின்றார்கள். சுஹா ஹெல்மெட்டைக் கழற்றினாள். மதார் சிரிக்கத் தயாராகிப் பக்கவாட்டில் திரும்பியவன், அங்கே அவளைக் காணாமல் கீழே பார்த்தான். அவள் உச்சந்தலை அவன் தோளுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

“நீ கொறஞ்சிட்டியா சுஹா?”

“என்னது?”

அவன் போனைத் திறந்து காட்டினான். முகப்பில் அவர்கள் கல்யாண போட்டோ. இரண்டு வருடமாக அவன் தினமும் பார்க்கிற படம்.

“இதப் பாரு, என் காதுக்கு வாரே. நான் நூத்தி எழுபத்தாறு. காதுன்னா நூத்தி அறுபத்தஞ்சுக்குக் கொறையாது. ஸ்கேல் வெச்சு அளந்துதான் கடைக்கே போனேன். அவன் அம்பத்திரண்டு போதும்னான். ஒரே வெலதானேன்னு அம்பத்தாறு எடுத்தேன்.”

சுஹா படத்தைப் பார்த்தாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான் உறைத்தது. ஐம்பத்தெட்டு நாள் பக்கத்தில் இருந்தவளைவிட, கையால் எழுதி அனுப்பிய அளவைவிட, இந்தப் படத்தைத்தான் நம்பியிருக்கிறான்.

“மச்சான், ஜோடி சரியா அமையலன்னு போட்டோக்காரரு என் காலுக்குக் கீழ ஒரு பலகையப் போட்டாரு. சேலைக்குள்ள தெரியல. படம் எடுத்து முடிச்சதும் பலகைய அவரு கொண்டுபோயிட்டாரு. மிச்சம் இருக்கிறது நான்தான்.”

மதார் போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். சாச்சா தூக்கிய போனோடு வாய்பிளந்து நின்றார். மதார் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

“அப்ப உன் உசரந்தான் எவ்வளவு?”

“நூத்தி அம்பத்து மூணு.”

“நூத்தி அம்பத்து மூணு” என்று அவன் திருப்பிச் சொன்னான். கூட ஒன்றும் சேர்க்கவில்லை.